சூடு நடுவிலும் ஏற வேண்டும்

(எமரால்டு வட்டாரத் தம்பதியருக்கான பேச்சு)

விடிந்ததும் சோறு, குழம்பு ஆக்கி வைத்துவிட்டு, கணவன் மனைவி இருவருமே தேயிலைக்கோ காரட் தோட்டத்துக்கோ போய்விடுகிறீர்கள். மாலையில் பிள்ளை சாப்பிடுவது அந்தச் சோறுதான். இப்போது சில வீடுகளில் மைக்ரோவேவ் அடுப்பும் வந்துவிட்டது. "ரெண்டு நிமிஷம் வெச்சா சூடாயிடும், அப்புறம் என்னங்க பயம்?" என்கிறீர்கள். பயப்பட வேண்டியது உண்டு.

"நம்ம ஊர்க் குளிருக்குச் சோறு கெடாதுங்க" என்பவர்களும் உண்டு. வெளியேதான் குளிர். அடுப்பு ஓரத்தில் பானை வெதுவெதுப்பாகவே இருக்கிறதல்லவா? அரிசியில் ஒருவகைக் கிருமியின் வித்து உண்டு. நம் மலை உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியின் 100 டிகிரிக் கொதிப்பிலும் அந்த வித்து தப்பிவிடும். சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அது முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாடை தெரியாது, ருசியும் மாறாது. மறுபடி சூடாக்கினால் கிருமி சாகலாம், நஞ்சு போகாது.

ஆகவே, சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். அகலமான தட்டில் பரப்பி, ஆவி அடங்கியதும் மூடி, குளிர்பெட்டியில் வையுங்கள். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் வேளைக்கு வேண்டியதை மட்டும் ஆக்குங்கள்.

இனி அடுப்பு. 1945-ல் அமெரிக்காவில் ராடார் வேலையில் இருந்த பெர்சி ஸ்பென்சர் என்பவர் கண்ட வழி இது. இதில் தீ இல்லை. ஒருவகை அலை, உணவிலுள்ள நீரை அசைத்துச் சூடாக்குகிறது. அந்த அலை ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலத்துக்கு மேல் நன்றாக இறங்காது. அதனால் ஓரம் கொதிக்கும்போது நடு குளிர்ந்தே இருக்கும். கிருமி அங்கே பிழைத்துக்கொள்ளும்.

செய்ய வேண்டியவை:

1. கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்தில் பரப்பி, லேசாக மூடி வையுங்கள். எவர்சில்வர், அலுமினியம் கூடாது, தீப்பொறி பறக்கும்.

2. பாதி நேரத்தில் எடுத்து, அடிவரை கிளறி, மறுபடி வையுங்கள்.

3. நடுவிலும் ஆவி பறக்க வேண்டும். குறைந்தது 70 டிகிரி சூடு தேவை. பிறகு 2 நிமிடம் மூடி வைத்துப் பரிமாறுங்கள்.

4. ஒருமுறைதான் சூடாக்கலாம். மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

5. கோழிக்கறியைச் சிறு துண்டாக்கியே வேக வையுங்கள். உள்ளே சிவப்பு தெரியக் கூடாது.

6. முட்டையை ஓட்டோடு வைக்காதீர்கள், வெடிக்கும்.

7. குழந்தையின் பால் புட்டியை இதில் சூடாக்காதீர்கள். புட்டி தொட்டால் ஆறியிருக்கும். உள்ளே பால் வாயைச் சுட்டுவிடும்.

கணவன்மாரே, ஒரு வார்த்தை. வீட்டுக்கு முதலில் வருபவர் நீங்களானால் கிளறி, சூடாக்கிப் பரிமாற வேண்டியவரும் நீங்கள்தான். கூடை சுமந்து வரும் மனைவி வரட்டும் என்று பசித்த பிள்ளையிடம் ஆறிய சோற்றைக் கொடுக்காதீர்கள்.

சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பிள்ளை துவண்டாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்; அவசரமென்றால் 108-ஐ அழையுங்கள்.

இன்று மாலை சோற்றுப் பானையை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று இருவரும் சேர்ந்து பாருங்கள்.