மருந்து தணித்ததும் தணியாததும்



எச்.ஐ.வி. என்றொரு கிருமி உண்டென்பதை எவரும் அறியாதிருந்த 1981ஆம் ஆண்டு ஜூலையில், நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலுமாக 26 ஆடவரின் சரீரத்தில், 1872இல் வியன்னா நகரத்து மோரிட்ஸ் கபோசி விவரித்ததும், பெரும்பாலும் முதியோரைப் பற்றி மெல்ல ஊர்வதுமான ஓர் அபூர்வப் புற்று, ஊதா நிறத் தடிப்புகளாகத் தோன்றி விரைந்து பரவிற்று என்ற செய்திதான், எய்ட்ஸ் வியாதி உலகுக்குக் காட்டிய முதல் அடையாளங்களில் ஒன்று. புற்றுநோய் இதனுடன் ஒட்டிப் பிறந்தது என்றே சொல்லலாம்.

கபோசி சர்கோமா எனப்படும் அப்புற்றுக்கு மூலமான வைரஸை 1994இல் யுவான் சாங்கும் பாட்ரிக் மூரும் கண்டறிந்தார்கள். 1996 முதல், எச்.ஐ.வி.யை அடக்க மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து சிகிச்சை வழக்கத்திற்கு வந்தது. அதன்பின் நிகழ்ந்ததை நம் தலைமுறை வைத்தியர்கள் பிரத்தியட்சமாகக் கண்டோம். அமெரிக்காவில் கபோசி சர்கோமா நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் குறைந்தது. ஹாட்ஜ்கின் வகை சாராத நிணநீர்ப் புற்றும் ஏறத்தாழப் பாதியாயிற்று. சி.டி.4 எனும் நோயெதிர்ப்பு அணுக்கள் 500க்கு மேல் இருக்கும்போதே மருந்தைத் தொடங்கலாமா, குறையும் வரை காத்திருக்கலாமா என்ற சந்தேகத்தை, 4,685 பேரைக் கொண்ட 'ஸ்டார்ட்' ஆய்வு 2015இல் தீர்த்து வைத்தது: காத்திருந்தோரில் 39 பேருக்குப் புற்று வந்தது, உடனே தொடங்கியோரில் 14 பேருக்கே வந்தது.

ஆயினும் என் மனத்தை உறுத்துவது, மருந்து அத்தனை எளிதில் தணிக்காத கருப்பைவாய்ப் புற்று. கபோசி சர்கோமா நம் நாட்டில் அரிது. நம் பெண்களை வருத்துவது கருப்பைவாய்ப் புற்றே. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஆறு மடங்கு. இதற்கு மூலமான பாப்பிலோமா வைரஸ் பல்லாண்டு குடியிருந்து திசுவை மாற்றிய பிறகு, எதிர்ப்புச் சக்தி மீண்டாலும் அம்மாற்றம் எப்போதும் மறைந்துவிடுவதில்லை. மருந்தால் நீண்ட ஆயுளே, மெல்ல வளரும் அப்புற்றுக்கு அவகாசமாகவும் ஆகிவிடுகிறது. சீக்கிரம் தொடங்கி இடைவிடாது உட்கொண்டால் மருந்து இங்கும் ஓரளவு காக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பெயர் சொல்ல வேண்டாத ஓர் எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில், ஒன்பது ஆண்டுகள் ஒரு மாதமும் தவறாது மாத்திரை வாங்கிய அம்மாள் ஒருவரை நான் அறிவேன். குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் எடையும் சி.டி.4 எண்ணும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. கருப்பைவாயைப் பரிசோதித்ததாக ஒரு வரிகூட இல்லை. உதிரப்போக்கென்று அவர் வாய்திறந்து சொன்ன நாளில், புற்று இடுப்பெலும்புவரை பரவியிருந்தது. "டாக்டரய்யா, நான் ஒரு வேளைகூட விடலையே" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க நம்மிடமே வழி உண்டு. 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றை அடையாளம் கண்டது நம் சென்னையில்தான்; 2004 ஏப்ரலில் அரசு இலவசமாக மருந்து வழங்கத் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் நம் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. கருப்பைவாய்ப் பரிசோதனையின் வழியும் நம் மண்ணிலேயே நிரூபணமானது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தோய்த்துக் கருப்பைவாயில் தடவி ஒரு நிமிஷம் பொறுத்தால், மாறத் தொடங்கிய இடம் வெளுத்துத் தெரியும்; பயிற்சி பெற்ற செவிலியர் செய்த இவ்வெளிய சோதனை, திண்டுக்கல் மாவட்டத்துப் பொதுப் பெண்களிடையே இப்புற்றால் நேரும் மரணத்தை நூற்றுக்கு 35 பங்கு குறைத்ததென 2007இல் வெளியாயிற்று. இன்று பாப்பிலோமா வைரஸையே கண்டுபிடிக்கும் நுட்பமான சோதனையும் வந்துவிட்டது; எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு 25 வயது முதலே, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைச் செய்யுமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மாத்திரை வாங்க வருபவரைப் பரிசோதனைக்கென வேறொரு நாள், வேறொரு கட்டடம், வேறொரு வரிசைக்கு அனுப்பினால், தினக்கூலியை இழந்து அவர் எப்படி வருவார்? இரண்டும் ஒரே நாளில், ஒரே கூரையின் கீழ் நடக்க வேண்டுமென்பதே என் அபிப்பிராயம்.

இக்கருத்தரங்கின் முதற்கட்டுரையை வாசிக்கும் செவிலியர், மருந்து கொடுக்கும் அறையின் மூலையிலேயே திரைச்சீலை கட்டி, ஒரு மேஜையும் விளக்கும் வைத்து இதைச் செய்து பார்த்தவர். அவரை மேடைக்கு அழைக்கிறேன்.