மலிவு டிக்கெற் எடுக்க முதல்

வன்கூவரிலை இருக்கிற அண்ணனை, தங்கச்சியைப் பார்க்கப் போகவேணும், மலிவாய் டிக்கெற் எப்பிடி எடுக்கிறது என்று பலர் கேட்கிறீர்கள்.

கனடாவுக்குள் பறக்கக் கடவுச்சீட்டு தேவையில்லை. படம், முழுப்பெயர், பிறந்த திகதி, பால் உள்ள அரச அடையாள ஆவணம் காணும். டிக்கெற்றிலும் பெயர் அதில் உள்ளபடியே இருக்கவேணும். எங்கட ஆட்களுக்குத் தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்பதுதான் பெரிய கரைச்சல். ஆவணத்தைக் காட்டியே பதியுங்கோ. பிறகு திருத்தக் காசு கேட்கக்கூடும்.

பாடசாலை விடுமுறையைத் தவிர்த்து, கிழமை நடுவிலை தேடுங்கோ. பெட்டிக் காசையும் கூட்டிப் பாருங்கோ. சில மலிவு டிக்கெற்றில் கைப்பெட்டிக்கும் தனிக் காசு.

அமெரிக்காவில் விமானம் மாறுகிற டிக்கெற்றை, எவ்வளவு மலிவென்றாலும் எடுக்காதேங்கோ. அங்கே மாறி ஏறுவதற்கும் அமெரிக்க விசா வேணும். அதோடு, வழக்கு முடிய முதல் கனடாவை விட்டு வெளியேறினால் திரும்பி வரமுடியாமல் போகலாம், வழக்கும் பாதிக்கப்படலாம். வெளிநாட்டுப் பயணம் என்றால் முதலில் சட்டத்தரணியிடம் கேளுங்கோ, டிக்கெற் முகவரிடம் அல்ல.

பியர்சனுக்கு ராக்சி எதுக்கு? கிப்ளிங் நிலையத்திலிருந்து 900ஆம் இலக்க பஸ் போகுது, சாதாரண ரிரிசி காசுதான்.

வன்கூவருக்கு ஏறக்குறைய 5 மணித்தியாலம். இடைக்கிடை எழும்பி நடவுங்கோ, தண்ணி குடியுங்கோ. ரொட்டி கட்டிக்கொண்டு போகலாம். ஆனால் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட ஊறுகாய்ப் போத்தலைச் சோதனையில் விடமாட்டார்கள். அதைக் கீழே போடுகிற பெட்டிக்குள் வையுங்கோ.