ஐயமும் அருளும்
(திருக்குடமுழுக்கு விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்துருவம்)



கலசங்களில் திருநீர் சொரியக் கண்டு உள்ளம் குளிர்ந்திருக்கும் இந்நன்னாளில் நம்பிக்கையைப் பற்றிப் பேசுதல் எளிது. நம்பமாட்டாமையைப் பற்றிப் பேசுதல் சிலர்க்குப் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆயினும், திருப்பணிக்குப் பொருள் உதவியவருள்ளேயே, 'இறைவன் உளனோ, இலனோ' என்று உள்ளூர ஊசலாடுவோர் இருத்தல் கூடும். தாய் நாடோறும் விளக்கிட வருவாள். மகன் கோபுர வாயிலோடு நின்றுவிடுவான். அத்தாயின் கவலை பெரிது. அம்மகனின் தனிமையும் பெரிதே. இவ்விருவர்க்கும் சைவம் சொல்லும் மொழி யாது என்பதே ஈண்டு ஆராயத் தக்கது.

முதற்கண் ஐயம் இன்னது, மறுப்பு இன்னது எனப் பிரித்து உணர்தல் வேண்டும். அளவை இலக்கணம் கூறுங்கால் சித்தாந்த நூலார் ஐயத்தையும் திரிபையும் வேறு வேறாக வைத்தனர். மங்கிய ஒளியில் தொலைவில் நிற்பதொன்றைக் கண்டு, 'கட்டையோ, மனிதனோ' எனத் துணியமாட்டாமை ஐயம். கயிற்றைக் கண்டு, 'பாம்பே' எனத் துணிந்துவிடுதல் திரிபு. இரண்டும் அறிவின் குறைகளே. ஆயினும், ஐயுற்றவன் இன்னும் உற்று நோக்கிக்கொண்டிருக்கின்றான். திரிபுற்றவனோ நோக்குவதை நிறுத்திவிட்டான். ஆகலின், ஐயுற்றவனுக்கு விளக்கைக் கொண்டு செல்லுதல் எளிது. இத்திரிபு இறைவன் இல்லை என்பார்க்கே உரியது என்று எண்ணற்க. 'பொருள் கொடுத்தேன், ஆகவே அருள் எனக்கே உரியது' எனத் துணிபவனும் கயிற்றைப் பாம்பெனக் கண்டவனே ஆவான்.

ஐயத்தைக் கண்டு அஞ்சாமை சைவ ஆசிரியர்களின் இயல்பு. 13ஆம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை இயற்றினார். அந்நூலின் பரபக்கம், கடவுளே இல்லை என்னும் உலகாயதன் கொள்கையை முதலில் வைத்துத் தொடங்குகின்றது. அவனை உள்ளிட்ட 14 திறத்தாரின் கொள்கைகளும் அங்கு வரிசையாக எடுத்துரைக்கப்படுகின்றன. மறுப்பு அதன் பின்னரே வருகின்றது. எதிர்வாதி கூறுவதை முழுதும் கேளாமல் விடை பகர்தல் முறையன்று என்பது அவர் கண்ட நெறி.

அப்பெருமானார் தாமும் எளிதில் அமைந்தவர் அல்லர். சகலாகம பண்டிதர் எனப் பெயர் பெற்ற அவர், திருவெண்ணெய்நல்லூரில் இளஞ்சிறாராகிய மெய்கண்டாரைச் சோதிக்கும் கருத்தோடு சென்று, ஆணவத்தின் இயல்பு யாதென வினவினார். மெய்கண்டார் வினவி நின்றவரையே நோக்கினார் என்பது வழிவழி வந்த வரலாறு. கேள்வியே விடையாயிற்று, பண்டிதர் அடியவராயினார். அடியவரான பின்பும் அவர் வினவுவதை விட்டாரில்லை. 20 பாடல்களால் ஆகிய அவரது இருபா இருபஃது, அறிவும் அறியாமையும் ஓருயிரிடத்தே எவ்வாறு நின்றன என்பன போன்ற ஐயங்களை ஆசிரியர் திருமுன் வைக்கும் நூலாகும். மறைத்த ஐயம் புண்ணாகும். ஆசிரியர் திருவடியில் வைத்த ஐயமோ வழிபாடாகும்.

இனி, புறக்கோலம் கொண்டு ஒருவன் உள்ளத்தை அளத்தலும் ஆகாது. சாக்கிய நாயனார் புத்தர் கோலத்தை நீக்கினாரில்லை. வெட்டவெளியில் இருந்த சிவலிங்கத்தின்மீது நாடோறும் ஒரு கல் எறிந்த பின்னரே உணவு கொண்டார். கண்டவர்க்கு அது பகை. கொண்டவனுக்கு அது மலர். ஒரு நாள் மறந்து உண்ணப் புகுந்தவர், நினைவு வந்ததும் உணவை விட்டு ஓடினார் எனச் சேக்கிழார் பெருமான் உரைக்கின்றார். வாயிலில் நிற்பவனை, 'இவன் நம்பாதவன்' என முடிவு கட்டுதற்கு எவர்க்கு உரிமை உண்டு?

ஆயின், அன்புடையாரின் ஐயத்தைக் கண்டு வருந்துவோர் செய்யத்தக்கது யாது? இதற்கு விடையாக நிற்பவர் திலகவதியார். தந்தை புகழனாரும் தாய் மாதினியாரும் மறைந்தனர். மணம் பேசப்பெற்ற கலிப்பகையாரும் போரில் உயிர் நீத்தார். உடன் உயிர்விடத் துணிந்த அம்மையார், தம்பி மருணீக்கியாரின் வேண்டுகோளுக்காகவே உயிர் தாங்கினார். யார்பொருட்டு உயிர் தாங்கினாரோ, அத்தம்பியே பின்னர் நிலையாமையை உணர்ந்து, சமயங்களை ஆராய்ந்து, சமணம் புகுந்து தருமசேனர் ஆயினார்.

அம்மையார் தம்பியோடு வாதிடச் சென்றாரில்லை. அவரை வெறுத்தாரும் இல்லை. திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, திருவலகிட்டார், மெழுகினார், மாலை தொடுத்தார், தம்பியை மீட்டருள வேண்டும் என இறைவனிடம் விண்ணப்பித்தார். என்று மீள்வார் என்பது அப்பொழுது அவர்க்குத் தெரியாது. தெரியாமையோடு வாழ்தல் எத்துணைக் கடினமோ, அத்துணைக் கடினத்தையும் துடைப்பம் ஏந்திய கையால் தாங்கினார். சூலை நோயால் துடித்துத் தம்பி இரவில் வந்து அடிவீழ்ந்தபோது, 'இத்தனை நாள் எங்கிருந்தாய்' என்று கடிந்தாரில்லை; திருநீறு அளித்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அந்தத் தம்பியே 7ஆம் நூற்றாண்டின் திருநாவுக்கரசர். திரும்பி வருபவனுக்குக் கதவு திறந்திருத்தல் வேண்டும் என்பதே அம்மையார் கற்பிக்கும் பாடம்.

அன்பர்களே! இத்திருக்கோயிலே இதற்குச் சான்று. திருப்பணி தொடங்கு முன் பாலாலயம் செய்யப்பெற்றது. மூலத்தானத்து இறையாற்றல் கும்பத்தில் ஏற்கப்பெற்று, சிறியதோர் இடத்தில் எழுந்தருளுவிக்கப்பெற்றது. கருவறை வெறிதாக நின்ற நாள்களிலும் வழிபாடு நின்றதில்லை. அளவில் குறைந்தது, அவ்வளவே. ஆண்டுகள் பல சென்றால் மருந்துச் சாந்து தளரும் என்பதை உணர்ந்தே ஆன்றோர் 12 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வழக்கத்தை வகுத்தனர். கல்லையும் பீடத்தையும் பிணித்த அட்டபந்தனமே தளருமாயின், மனிதன் நெஞ்சு தளர்வது வியப்பன்று. தளர்ந்ததற்காகக் கோயிலை இடிப்பார் எவரும் இலர். தளர்ந்த உள்ளத்தையும் அவ்வாறே பேணுதல் வேண்டும்.

ஆகவே, ஐயமுற்ற அன்பர் தம்மால் இயன்ற சிறு தொண்டு ஒன்றைக் கைவிடாதிருப்பாராக. அதுவே அவர் நெஞ்சின் பாலாலயம். ஐயமற்ற அன்பர், ஐயமுற்றாரை இகழாதிருப்பாராக; அதுவே அவர் செய்யும் திருப்பணி. கோபுரத்துக்குக் கலசம் ஏற்றியோர், வாயிலில் நிற்கும் மகனுக்கும் ஓர் அன்புச்சொல் ஈவராயின், இக்குடமுழுக்கு முழுமை பெறும்.

திருச்சிற்றம்பலம்.