இஞ்சித் தேநீரும் டின் பாலும்



கடையில் ‘தே ஆலியா’ என்று கேட்டு வாங்கும் இஞ்சித் தேநீரை வீட்டிலேயே போடலாம். கட்டைவிரல் அளவு இஞ்சியைத் தோல் சீவித் தட்டி, 4 குவளைத் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். பச்சை இஞ்சிச் சாறு பாலைத் திரித்துவிடும். கொதித்த இஞ்சிக்கு அந்த வலு இல்லை. ஆகவே இஞ்சி முதலில், பால் கடைசியில். அடுப்பை அணைத்து, 4 தேக்கரண்டி தேயிலைத் தூள் போட்டு 4 நிமிடம் மூடி வையுங்கள். தூளைக் கொதிக்க வைத்தால் துவர்ப்பு ஏறும். அதை மறைக்கத்தானே இன்னொரு கரண்டி டின் பால் ஊற்றுகிறோம்? துணி வடிகட்டியில் வடித்து, பால் கலந்து, இரண்டு குவளைகளில் உயர்த்தி ஆற்றுங்கள். நுரை தானே வரும்.

அந்த டின் பாலில் ஏறக்குறையப் பாதி சீனிதான். டின்னில் ஒட்டிய தாளைப் படித்துப் பாருங்கள். இப்போது பலவற்றில் நாம் வெட்டும் செம்பனையின் எண்ணெயும் சேர்கிறது. தேநீருக்குச் சிறிது ஊற்றலாம். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கரைத்துக் கொடுக்கவே கூடாது. டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939-இல் சிங்கப்பூரில் ‘பாலும் கொலையும்’ என்று தலைப்பிட்டுப் பேசியது இதைத்தான். தலைப்பு கடுமைதான், அவர் கண்ட குழந்தைச் சாவுகள் அதைவிடக் கடுமை.

இன்னொன்று. பசியாறும்போதே தேநீர் குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. இரத்தசோகை உள்ள பெண்கள், முக்கியமாகக் கர்ப்பிணிகள், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். காலையில் வேலைக்கு ஓடும் அவசரத்தில் முடியாதென்றால், தேநீரைப் போத்தலில் ஊற்றி எடுத்துப் போங்கள்.