புதுத் தகப்பனுக்கு ஏற்ற நூல் எது?

(இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



குழந்தை வளர்ப்பைப் பற்றி ஆடவர் நிறைந்த கூட்டத்திலே பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். அது பெண்களின் காரியம், அப்பாயியும் அம்மாயியும் பார்த்துக்கொள்வார்கள் என்பது நம் பக்கத்து வழக்கம். ஆனால் நம் தோட்டங்களிலே கொழுந்தெடுக்கும் தாய் விடிந்ததும் மலைக்குப் போய்விடுகிறாள். கைக்குழந்தை பிள்ளை மடுவத்திலே இருக்கிறது. மாலையில் திரும்பினால் அடுப்படி வேலை காத்திருக்கிறது. அவளுக்கு வாசிக்க நேரம் ஏது? ஆதலின் வாசிப்பதும் விசாரிப்பதும் தகப்பனுடைய கடமையாகின்றன.

இக்கடமை சிறிதன்று. 2016ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட சுகாதாரக் கணக்கின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் இலங்கை முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ 32 பேர். குறைந்த வருமானம், தாயின் போசாக்கின்மை, நெருக்கமான வீடு எனக் காரணங்கள் பல. புத்தகம் ஒன்றே இதனை மாற்றிவிடாது. ஆயினும் தவறான யோசனையொன்றைக் கேட்டு நம் பிள்ளை மேலும் மெலியாதபடி காப்பது நம் கையில் இருக்கிறது.

ஆனால் யோசனைக்குப் பஞ்சமில்லை. பாட்டி ஒன்று சொல்வார். பக்கத்துக் காம்பராக்காரர் வேறொன்று சொல்வார். கைத்தொலைபேசியிலே நூறு வரும். அட்டன் கடைத்தெருவிலே புத்தகங்களும் கிடைக்கும். எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது?

முதல் நூல் விலையின்றியே நம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதுதான் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு. கிளினிக் கொப்பி என்று நாம் சொல்வது. பலர் அதை ஊசி போடும் நாளில் மட்டும் தேடி எடுக்கிறார்கள். அதிலுள்ள நிறைக்கோடு மேலே ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்று மாதந்தோறும் பார்க்கின்ற தகப்பன் எத்தனை பேர்? எந்த மாதத்தில் பிள்ளை என்ன செய்யும் என்பதும் அதிலே உண்டு. இது நமக்குப் புதிய கலையன்று. பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள், ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரை, ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணி என்று குழந்தையின் வளர்ச்சியைக் கூர்ந்து பார்த்துப் பருவம் வகுத்தவர்கள். பிள்ளையை உற்று நோக்குவதே வளர்ப்பின் தொடக்கம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இனி, வேறு நூல் வாங்குவதாயின் முதலில் அது அச்சான ஆண்டைப் பாருங்கள். அமெரிக்க வைத்தியர் பெஞ்சமின் ஸ்பொக் 1946இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூல் உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்பனையாயிற்று. தாய் தந்தையருக்குத் தைரியம் ஊட்டிய நல்ல நூல் அது. ஆயினும் 1950களில் வந்த பதிப்பு, குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கலாம் என்றது. அவ்விதம் படுக்கும் குழந்தைகளே உறக்கத்தில் திடீரென மாண்டுபோகும் ஆபத்துக்கு அதிகம் உள்ளாகிறார்கள் என்பது பின்னர் ஆராய்ச்சிகளால் தெரிந்தது. பிரித்தானியாவில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும், மல்லாந்து படுக்க வைக்கும்படி பிரசாரம் நடந்தது. அத்தகைய மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்தன. பெரிய வைத்தியரின் நூலே ஆயினும் காலம் அதனைத் திருத்துகிறது.

பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். அதே உரைகல்லில் நம் பழக்கங்களையும் உரைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தாலாட்டும், பிள்ளையை அணைத்துச் சுமப்பதும், பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வு கொடுப்பதும் எந்த ஆராய்ச்சிக்கும் ஈடுகொடுக்கும் பொக்கிஷங்கள். ஆனால் பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைப்பதை விட்டுவிட வேண்டும். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி சிசுவின் குடலிலே நஞ்சை உண்டாக்கி, உடலைத் தளரச் செய்யும் என்பது 1976க்குப் பின் தெளிவாயிற்று. ஒரு வயது நிறையும்வரை தேன் வேண்டாம். முன்னோர் அன்பினால் செய்தார்கள். நாம் அறிந்தபின் அதே அன்பினால் நிறுத்துவோம்.

அடுத்த கேள்வி: இந்த யோசனையால் ஆதாயம் யாருக்கு? மாவுப் பால் விற்பவரின் அறிவுரையும், மடியில் பிள்ளையை ஏந்தி நிறுக்கும் மருத்துவ மாதின் அறிவுரையும் ஒன்றாகா. தாய்ப்பாலுக்கு மாற்றாக மாவைப் பொதுமக்களிடம் விளம்பரஞ் செய்யலாகாது என்று உலக சுகாதார சபை 1981இல் விதி வகுத்ததன் காரணம் இதுவே. முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் ஒன்றே போதும் என்பது இன்றைய வைத்திய உலகின் முடிவு. மனைவி வேலைக்குத் திரும்பிய பின்னும் பால் கொடுக்க வழி என்ன என்று மடுவத்திலும் தோட்ட அலுவலகத்திலும் பேசிப் பெறுவது தகப்பன் செய்ய வேண்டிய காரியம்.

இறுதியாக, நூலாசிரியரின் வீடு வேறு, நம் வீடு வேறு. குழந்தைக்குத் தனி அறை வையுங்கள் என்று அவர் எழுதியிருப்பார். லயத்துக் காம்பராவில் அதற்கு இடம் ஏது? அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். புத்தகத்தை வீசியும் விட வேண்டாம். அவர் சொன்ன காரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தமான காற்று வேண்டுமென்பது காரணமாயின், விறகடுப்பின் புகை தொட்டிலுக்கு வராதபடி தொட்டிலை மாற்றுங்கள். புகைபோக்கி அடைத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை அதைச் சுத்தஞ் செய்யுங்கள். கொட்டகலைக் குளிருக்கு அஞ்சிக் கதவை மூடி, புகைக்குள்ளே குழந்தையை வைத்திருப்பதால் நெஞ்சு நோய்தான் மிகும்.

ஒரு வார்த்தை சகோதரர்களுக்கு. இரண்டு புத்தகம் வாசித்துவிட்டு மனைவிக்கும் தாய்க்கும் கட்டளையிடுவதற்காக இதனைச் சொல்லவில்லை. வாசித்ததை இரவிலே அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் கண்டதைக் கேளுங்கள். ஐயமிருந்தால் மருத்துவ மாதிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் கடுமையானால், மூச்சு வாங்கினால், பால் குடிக்க மறுத்தால் அப்பொழுது எந்த நூலையும் புரட்டாதீர்கள். உடனே வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

நம் சங்கத்து வாசிகசாலையிலே இதற்கென ஒரு தட்டு ஒதுக்குவோம். ஒவ்வொரு நூலின் மேலும் அச்சான ஆண்டைப் பெரிதாக எழுதி வைப்போம். மாதம் ஒருமுறை மருத்துவ மாதை அழைத்து, தகப்பன்மார் கேட்க, பேசச் செய்வோம். கோயில் திருவிழாவுக்குத் தோள் கொடுக்கும் நம் வாலிபர்கள், தொட்டிலுக்கும் தோள் கொடுப்பார்களாக.