சொல்லும் மறைவும்: உளப்பகுப்பாய்வின் தோற்றமும் அடிப்படைகளும்



உளப்பகுப்பாய்வு மருத்துவர் ஒருவரின் கண்டுபிடிப்பாகவே பேசப்படுகிறது. ஆயினும் அதற்கு முதற்பெயர் இட்டவர் நோயுற்ற ஒரு பெண். பெர்த்தா பாப்பன்ஹைம் என்னும் அவர், வியன்னாவில் 1880 முதல் 1882 வரை யோசப் பிராயரிடம் மருத்துவம் பெற்றவர். தந்தையின் நோய்ப்படுக்கையருகே இரவெல்லாம் விழித்திருந்து நலிவுற்றவர். அவருடைய கை மரத்தது. தாய்மொழியாகிய செருமன் மறந்தது. ஆங்கிலம் மட்டுமே நாவில் நின்றது. ஒவ்வொரு நோய்க்குறியும் முதலில் தோன்றிய நிகழ்ச்சியை அவர் சொல்லச் சொல்ல, அக்குறி தணிந்தது என்று பிராயர் எழுதினார். அம்முறையைப் ‘பேச்சு மருத்துவம்’ என்றும் ‘புகைபோக்கி துடைத்தல்’ என்றும் அப்பெண்ணே அழைத்தார். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளை நாளும் காணும் மீஞ்சூர்க்காரர்க்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை. அவர் உடனே முழுநலம் பெற்றுவிடவில்லை. பின்னாளில் பெண்கள் நலப்பணியால் புகழ்பெற்றார்.

பிராயரிடமிருந்து இதனை அறிந்தவர் சிக்மண்ட் ஃபிராய்டு (1856–1939). 1895இல் இருவரும் இணைந்து வெளியிட்ட நூலில் அப்பெண் ‘அன்னா ஓ.’ என்னும் புனைபெயருள் மறைக்கப்பட்டார். அகப்பாடலில் எவர் பெயரும் சுட்டலாகாது என்னும் தொல்காப்பிய மரபை அறிந்தோர்க்கு இம்மறைப்பின் பண்பு புதிதன்று.

ஃபிராய்டின் அடிப்படைக் கருத்துகளைச் சுருங்கக் கூறலாம். மனத்தின் பெரும்பகுதி நனவுக்கு எட்டாத நனவிலி. மனம் ஏற்க அஞ்சும் விழைவுகள் அங்கே அமுக்கப்படுகின்றன. அமுக்கப்பட்டவை அழிவதில்லை, கனவாகவும் நாத்தவறாகவும் நோய்க்குறியாகவும் வேற்றுருக் கொண்டு மீள்கின்றன. 1923இல் அவர் மனத்தை மூன்றாக வகுத்தார்: விழைவின் இருப்பிடம் இட்; அறம் கூறிக் கண்டிப்பது சூப்பர் ஈகோ; இவற்றுக்கும் புறவுலகிற்கும் இடையே அல்லாடுவது ஈகோ. நோயாளி தோன்றியதையெல்லாம் தடையின்றிச் சொல்வதும், மருத்துவர் செவிகொடுப்பதுமே மருத்துவம்.

1900ஆம் ஆண்டினைத் தாங்கி வந்த கனவு பற்றிய நூலில், கனவு பலவற்றை ஒன்றாகச் சுருக்குவதையும், ஒன்றன் உணர்வை மற்றொன்றின்மேல் ஏற்றுவதையும் ஃபிராய்டு காட்டினார். இதைக் கேட்டவுடன் உள்ளுறை உவமம் நினைவுக்கு வரும். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. உள்ளுறை, அயலார்க்கு மறைந்து, அறிவோர்க்கு விளங்குமாறு புலவர் அறிந்தே அமைப்பது. கனவோ, கண்டவரிடமிருந்தே தன் பொருளை மறைப்பது.

இத்துறை இந்தியாவிற்கு வந்தபோது வெறும் இரவலாக வரவில்லை. கல்கத்தா மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ் (1887–1953), அமுக்கம் பற்றிய தம் ஆங்கில நூலை 1921இல் ஃபிராய்டுக்கு அனுப்பினார்; 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். இருவரும் நேரில் சந்தித்ததில்லை, மடல்களே பாலமாயின. ஒவ்வொரு விழைவுக்கும் அதன் எதிர்விழைவு உண்டு, அடிக்க விழைபவனுள் அடிபடும் விழைவும் உறைகிறது என்பது போஸின் கொள்கை. ஆண்மையிழப்பு அச்சம் ஐரோப்பியரிடம் காணப்படுவதுபோலத் தம் நோயாளரிடம் வெளிப்படவில்லை என்றும், பெண்ணாக விழையும் விருப்பமே எளிதில் வெளிப்படுகிறது என்றும் 1929இல் எழுதினார். ஃபிராய்டு அவர் கொள்கையை முழுதும் ஏற்கவில்லை. ஆனால் 1931இல் கல்கத்தாவிலிருந்து பிறந்தநாள் பரிசாகச் சென்ற தந்தத் திருமால் சிற்பம் அவர் மேசையில் இடம்பெற்றது.

போஸுக்குச் சான்றாக நின்றது நோயாளியின் சொல். அச்சான்று இல்லாதபோது ஃபிராய்டே வழுக்கினார். இறந்து நூற்றாண்டுகள் கடந்த ஓவியர் லியோனார்டோவை 1910இல் ஆராய்ந்தபோது, அவர் குறிப்பிலிருந்த பருந்து, பிழையான மொழிபெயர்ப்பால் பிணந்தின்னிக் கழுகாயிற்று. அக்கழுகின்மேல் எழுப்பிய விளக்கம் ஆட்டங்கண்டது.

திறனாய்வாளர் மறக்கலாகாத பாடம் இது. பெண்ணொருத்தி காமம் பாடினால், அதனை அவளது வாழ்க்கை வாக்குமூலமாகப் படித்து, அதற்கு ஃபிராய்டைத் துணைக்கழைப்போர் உளர். கவிதை மருத்துவரின் சாய்கட்டிலில் படுத்துப் பேசுவதில்லை. கேட்ட வினாவிற்கு விடை தருவதுமில்லை. அவ்வாறு படிப்போர், பெயர் சுட்டாத அகமரபையும் மீறுகின்றனர். சொல்பவரின் விடைக்குக் காத்திருக்கும் உளப்பகுப்பாய்வு முறையையும் மீறுகின்றனர்.

கவிஞர்க்கு இத்துறை அளிக்கும் கொடை பொறுமையான செவி. சொல்லப்பட்டதைக் கேட்டு, சொல்லாமல் விடப்பட்டதற்கும் இடம் தரும் செவி அது.