பாலாற்றை ஆராய நம் பிள்ளை எங்கே?

(வாணியம்பாடியில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

இங்கே வரும் வழியில் பாலாற்றுப் பாலத்தின் மேல் சற்று நின்றேன். கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, நம் ஊர்களின் ஓரமாக நடந்து, வாயலூர் அருகே கடலைச் சேரும் ஆறு அது. பெயரில் பால் இருக்கிறது. ஆற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் இருக்கிறது. நம் பாட்டன்மார் ஊற்றுத் தோண்டிக் குடித்த கரையில் நாம் கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோம்.

இந்த ஆற்றின் பெயரால் ஒரு வழக்கு நடந்தது. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் 1991இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஷாப் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். கேடு வரும் முன் காக்க வேண்டும் என்பதும், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு சொன்னது. தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்ற ஆய்வுக் கணக்கும் அதில் இடம் பெற்றது. 2025 ஜனவரி 30 அன்று பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியதாயிற்று.

சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவன் எவனும் இந்த வழக்கைப் படிக்காமல் தேர்வு எழுத முடியாது. அந்த அளவுக்கு நம் வட்டாரம் பாடநூலில் ஏறிவிட்டது. ஆனால் நான் கேட்கிறேன், அந்த வழக்கில் நாம் எங்கே நின்றோம்? அபராதம் கட்டியவர்களில் நாம் இருந்தோம். உப்பேறிய கிணற்றில் நீர் இறைத்தவர்களிலும் நாம் இருந்தோம். மண்ணை அள்ளிச் சோதித்தவர்களில், அறிக்கை எழுதியவர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்!

ஆகவேதான் இன்று உங்களிடம் பட்டப்படிப்பைப் பற்றிப் பேச வரவில்லை. சுற்றுச்சூழலிலும் இயற்கை வளத்திலும் முனைவர் பட்டத்திற்கு, அதாவது பிஎச்.டி.க்கு, விண்ணப்பிக்கச் சொல்லி வந்திருக்கிறேன்.

பட்டமில்லாமல் ஒருவர் சாதித்தார்

"படித்தா எல்லாம் நடக்கிறது, பாய்?" என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். அவருக்குப் பறவையியல் அறிஞர் சாலிம் அலியைச் சொன்னேன். 1896இல் பிறந்தவர். பர்மாவில் குடும்பத்தின் மர வியாபாரத்தையும் சுரங்கத்தையும் கவனிக்கச் சென்று, கணக்கேட்டைவிடக் காட்டுப் பறவைகளைக் கவனித்தவர். முறையான பட்டம் இல்லை என்பதால் அரசு நிறுவனத்தில் பறவையியல் வேலை கிடைக்கவில்லை. பிறகு பெர்லின் சென்று பயின்று திரும்பி, உலகம் போற்றும் நிலையை அடைந்தார். கோவை ஆனைகட்டியில் அவர் பெயரால் ஆய்வு மையமே இருக்கிறது.

அவர் நூற்றாண்டுக்கு ஒருவர். அவருக்கே பட்டமின்மை ஒரு கதவை மூடியது என்றால், நம் பிள்ளைகளுக்கு எத்தனை கதவுகளை மூடும்? நீதிமன்றமும் வாரியமும் நிபுணரின் கையெழுத்தைக் கேட்கின்றன. அந்தக் கையெழுத்துக்குத் தகுதி வேண்டும்.

என் கதை

நான் ஒரு தோல் வியாபாரியின் மகன். முதல்முறை விண்ணப்பித்தபோது பத்துப் பக்கம் எழுதினேன். உலக வெப்பம், ஓசோன் ஓட்டை, காடழிப்பு என்று எல்லாவற்றையும் எழுதினேன். நேர்முகத்தில் ஒரு பேராசிரியர் கேட்டார்: "தம்பி, உங்கள் ஊரில் எந்தக் கிணற்றை நீங்கள் அளந்தீர்கள்?" என்னிடம் பதில் இல்லை. இடமும் இல்லை.

ஊருக்குத் திரும்பினேன். நீரில் கரைந்த உப்பைக் காட்டும் சிறு கருவி ஒன்றை வாங்கினேன். டி.வி.எஸ். 50இல் ஊர் ஊராகச் சென்று நாற்பது கிணறுகளை அளந்து நோட்டில் எழுதினேன். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்பு ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். நான் அளந்த கிணறுகளில் மிக மோசமானது எது தெரியுமா? எங்கள் அத்தாவின் ஷாப்புக்குப் பின்னால் இருந்த கிணறு.

மூன்று நாள் அத்தாவிடம் சொல்லவில்லை. எழுதினால் சொந்த வீட்டுக்கு வினை. எழுதாவிட்டால் நோட்டே பொய். நான்காம் நாள் நோட்டைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "நம்ம கிணத்தை மட்டும் விட்டுட்டு எழுதினா, மத்த முப்பத்தொன்பதையும் எவன்டா நம்புவான்? எழுது" என்றார். அந்த நோட்டை வைத்துத்தான் இரண்டாம் முறை இடம் பெற்றேன். என் ஆய்வுக்கு முதல் வழிகாட்டி அத்தாதான் என்று இன்றும் சொல்வேன்.

கேள்வியோடு போங்கள்

இளைஞர்களே! "பாலாற்று மாசு" என்பது தலைப்பு, கேள்வி அல்ல. முனைவர் பட்டம் கேள்விக்குத்தான் தரப்படுகிறது. கேள்விகள் நம் தெருவிலேயே கிடக்கின்றன.

பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிடுகிறோம். ஊறவைக்கும் தொட்டியில் அந்த உப்பு நீரோடு போகிறது. உப்பில்லாமலோ, குறைந்த உப்பிலோ தோலைக் காப்பது எப்படி? குரோம் பதனிடலில் போடும் குரோமியம் முழுவதையும் தோல் ஏற்பதில்லை. மிச்சத்தை மீட்க மலிவான வழி எது? பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் நீரைப் பிரித்தெடுத்த பின் கலப்பு உப்பு மலையாகத் தங்குகிறது. அதை என்ன செய்வது? ஷாப் மூடிய பின் பக்கத்துக் கிணறு தேற எத்தனை மழைக்காலம் வேண்டும்? நிலம் இழந்த விவசாயி எங்கே போனார்?

கடைசிக் கேள்வி வேதியியல் படிக்காதவருக்கும் உரியது. பொருளாதாரம், சமூகவியல், சட்டம் படித்தவர்களும் இத்துறைக்கு வரலாம்.

விண்ணப்பிக்கும் முறை

முதலில் தகுதி. முதுகலையில் 55 சதவீதம். பிற்படுத்தப்பட்டோருக்கு 5 சதவீதம் சலுகை உண்டு. யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் பெற்றவரும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். வேலையில் இருப்போர் நிறுவனத்தின் தடையின்மைச் சான்றோடு பகுதிநேரமாகச் சேரவும் அந்த விதியில் இடமுண்டு.

அடுத்தது நெட் தேர்வு. ஆண்டுக்கு இருமுறை. சுற்றுச்சூழல் அறிவியல் அதில் தனிப் பாடம். 2024 ஜூன் முதல் இதன் மதிப்பெண் பிஎச்.டி. சேர்க்கைக்கும் பயன்படுகிறது. ஆனால் உதவித்தொகை இல்லாத பிரிவில் தேறினால் அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும், தூங்கிவிடாதீர்கள். ஜே.ஆர்.எஃப். பிரிவில் தேறினால், 2023 ஜனவரி முதல் உள்ள விகிதப்படி, முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். வயது 30க்குள் இருக்க வேண்டும். பெண்களுக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் ஐந்தாண்டு தளர்வு உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. மாநில அரசின் சாதிச் சான்று வேறு, மத்திய அரசுக்கான ஓ.பி.சி. சான்று வேறு. பின்னதில் வருமான வரம்பு உண்டு. விண்ணப்பத்தின் கடைசி நாளில் தாலுகா அலுவலகத்திற்கு ஓடாதீர்கள். சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை 2022இல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதை நம்பிக் காத்திருந்தவர்கள் ஜே.ஆர்.எஃப்.பை நோக்கித் திரும்ப வேண்டும்.

மூன்றாவது, வழிகாட்டி. பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து விண்ணப்பிக்காதீர்கள்; ஆசிரியரைப் பார்த்து விண்ணப்பியுங்கள். அவர் எழுதிய இரண்டு கட்டுரைகளையாவது படித்துவிட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். என் கேள்வி இது, நான் இதுவரை செய்தது இது, தங்கள் ஆய்வோடு இது சேரும் இடம் இது. அவ்வளவு போதும். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் ஐம்பதும் குப்பைக்குப் போகும். சென்னை அடையாற்றில் 1948 முதல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி., புதுவைப் பல்கலைக்கழகம் எல்லாம் பேருந்துத் தொலைவில்தான் இருக்கின்றன.

வெளிநாடு செல்ல விரும்புவோருக்கு ஒரு நல்ல செய்தி. பிஎச்.டி.க்கு வட்டிக் கடன் வாங்கத் தேவையில்லை. அமெரிக்காவில் இத்துறையில் பெரும்பாலும் கல்விக் கட்டணத்தைத் தள்ளி, மாதப் படியும் தந்து, பாடம் நடத்தவோ ஆய்வில் உதவவோ சொல்வார்கள். ஆகஸ்டில் சேர, முந்தைய டிசம்பர், ஜனவரியிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். நெதர்லாந்து, ஸ்வீடன் போன்ற நாடுகளில் அது சம்பள வேலையாகவே விளம்பரமாகிறது. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மண்ணை ஆராய்ந்து 2020இல் உலக உணவுப் பரிசு பெற்ற ரத்தன் லால், பிரிவினையில் அகதியாக வந்த குடும்பத்துப் பிள்ளை. 1968இல் அதே பல்கலைக்கழகத்தில் முனைவரானவர்.

பரிந்துரைக் கடிதத்தைப் பெரிய மனிதரிடம் வாங்காதீர்கள். உங்களை ஆய்வுக்கூடத்தில் பார்த்த ஆசிரியரிடம் வாங்குங்கள். "பணம் கட்டு, ஆன்லைனில் டாக்டர் பட்டம்" என்போரிடம் ஏமாறாதீர்கள். அத்தகைய பட்டம் செல்லாது என்று யு.ஜி.சி.யே 2022இல் எச்சரித்திருக்கிறது.

வணிகப் பெருமக்களுக்கு

தோல் வணிகர்கள் இந்தச் சமுதாயத்திற்குக் கல்வி தந்தவர்கள். 1919இல் இதே வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. 1951இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரி எழுந்தது. 1965இல் மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் கல்லூரி எழுந்தது. ஜமால் முகமது சாஹிபும் அப்துல் ஹக்கீம் சாஹிபும் தோலில் ஈட்டியவர்கள். அன்று அவர்கள் கட்டடம் தந்தார்கள். இன்று உங்களிடம் நான் கட்டடம் கேட்கவில்லை. வாசலைத் திறக்கக் கேட்கிறேன்.

நீர் மாதிரி கேட்டு ஒரு மாணவன் வந்தால் வாட்ச்மேனை விட்டு விரட்டாதீர்கள். "இவன் எடுத்துப் போகும் பாட்டில் நாளை எனக்கெதிராகச் சாட்சி சொல்லுமே" என்று அஞ்சுகிறீர்கள். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. என் வீட்டிலும் அது இருந்தது. ஆனால் மூடி வைத்ததால் என்ன மிச்சமாயிற்று? 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்களே! குறையை முன்கூட்டிக் காட்டும் ஒருவன் உள்ளே இருப்பது தொழிலுக்குக் காப்பு. அவன் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால், குறையோடு மருந்தையும் சேர்த்துத் தேடுவான்.

இன்னொன்று. முதுகலை முடித்த மகனை மறுமாதமே வளைகுடாவுக்கு அனுப்பத் துடிக்கிறீர்கள். மகளுக்கு வரன் தேடத் துடிக்கிறீர்கள். நெட் எழுத, வழிகாட்டியைத் தேட ஓராண்டு வேண்டும். அந்த ஓராண்டை அவர்களுக்குக் கொடுங்கள். மஹல்லாவுக்கு ஒரு பிள்ளை என்று எடுத்துக்கொண்டு விண்ணப்பக் கட்டணம், பயணச் செலவு, ஆங்கிலத் தேர்வுக் கட்டணத்தை ஜமாஅத் ஏற்கட்டும். ஒரு திருமண விருந்தின் மிச்சச் சோற்றுக்காகும் செலவு அது.

இளைஞர்களே! நாளைக் காலை ஒரு நோட்டை எடுங்கள். உங்கள் தெருக் கிணற்றிலிருந்து தொடங்குங்கள். யாருடைய கிணறு என்று பார்க்காமல் அளந்ததை அளந்தபடி எழுதுங்கள். பாலாற்றைப் பற்றி அடுத்த முறை நீதிமன்றம் நிபுணரைத் தேடும்போது, அந்த நோட்டோடு நம் பிள்ளை ஒருவர் எழுந்து நிற்க வேண்டும். இன்ஷா அல்லாஹ், நிற்பார்.